கடினமான ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் 2,60,000 ரூபாய் கொடுத்து, தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஏ.வி. ரிசீவர் (டி.வி., சினிமா ஒலிக்கான, ஆம்ப்ளிஃபையரும் உள்ளேயே இருக்கும் பெட்டி) இருந்தது. அதன் அட்டைப்பெட்டியிலேயே ‘சானலுக்கு 100 வாட்’ என்று எழுதியிருந்ததால் அதுவே போதும் என்று நினைத்தேன். முதல் ஞாயிறு காலை ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவைப் போட்டேன். ஆலாபனை அருமையாகப் போனது. தவில் தனி தொடங்கிய அரை நிமிடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, அறை மௌனமானது.

கடைக்காரர் ஒயர் உரசியிருக்கும் என்றார். ஒயரை மாற்றினேன், மறுபடியும் அதேதான். ‘150 வாட்’ வாங்கினால் சரியாகிவிடும் என்றார். 92,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் நாள் அதுவும் அதே தனியில் நின்றது. அதை 58,000 ரூபாய்க்கு விற்று, உட்கார்ந்து படித்து, அளந்து, சரியான ஆம்ப்ளிஃபையரைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. உங்களுக்கு அந்த 34,000 ரூபாயும் ஐந்து மாதமும் மிஞ்ச வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உணர்திறன் என்பது குறிப்பிட்ட சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபையர் கூடுதல் மின்னோட்டம் தர வேண்டும். உங்கள் ஸ்பீக்கர் 90 டெசிபலுக்கு மேல் உணர்திறன் உள்ளதாகவும், 6 ஓமுக்குக் கீழே இறங்காததாகவும் இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். நல்ல ஆம்ப்ளிஃபையர் எதுவும் அதை ஓட்டும். விலை உயர்ந்த, கனமான, பல வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்புகள்) கொண்ட ஸ்பீக்கர்களுக்குத்தான் கீழே உள்ள படிகள்.

1. ஸ்பீக்கரின் மிகக் குறைந்த ஓம் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஸ்பீக்கரின் பின்புறம் ‘8 ஓம்’ என்றோ ‘4 ஓம்’ என்றோ எழுதியிருப்பார்கள். அது பெயரளவு எண்தான். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் அந்த எதிர்ப்பு, ஒவ்வோர் அலைவரிசையிலும் மாறும். ஓரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும், இன்னோரிடத்தில் 3 ஓமுக்கு இறங்கும். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் 802 டி3 ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். விவரத்தாளில் பெயரளவு 8 ஓம், குறைந்தபட்சம் 3 ஓம் என்று நிறுவனமே நேர்மையாக எழுதியிருக்கிறது. கே.ஈ.எஃப். எல்.எஸ்.50 மெட்டா சிறிய ஸ்பீக்கர்தான், அதுவும் 8 ஓம் என்ற பெயரில் 3.5 ஓம் வரை இறங்குகிறது. 1980களில் வந்த அப்போஜி சின்டில்லாவை 1 ஓம் இணைப்பில் ஓட்டிய ஆம்ப்ளிஃபையர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நீங்கள் தேட வேண்டியது ‘குறைந்தபட்ச இம்பீடன்ஸ்’ என்ற வரி. அது விவரத்தாளில் இல்லையென்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ‘ஸ்டீரியோஃபைல்’, ‘ஹை-ஃபை நியூஸ்’ போன்ற பத்திரிகைகள் விமர்சனத்தோடு ஆய்வக அளவீட்டையும் வெளியிடுகின்றன. உங்கள் மாடலை அவர்கள் அளந்திருந்தால் இம்பீடன்ஸ் வரைபடமே கிடைத்துவிடும்.

வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று ஓம், மற்றொன்று ஃபேஸ் கோணம், அதாவது வோல்ட்டேஜும் மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாகப் போகின்றன என்பது. பலரும் இரண்டாவதைப் பார்ப்பதில்லை, நானும் முதலில் பார்க்கவில்லை. ஓம் குறைந்திருக்கும் அதே இடத்தில் ஃபேஸ் கோணமும் பெரிதாக இருந்தால் சுமை பல மடங்கு கூடிவிடும். 4 ஓம் உள்ள இடத்தில் கோணம் 45 டிகிரியாக இருந்தால், வழக்கமான ஏபி வகை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் தாங்க வேண்டிய உச்ச வெப்பம், ஏறத்தாழ ஒன்றரை ஓம் மின்தடையை ஓட்டுவதற்குச் சமம். பெயர்ப்பலகையில் இதற்கான அறிகுறியே இருக்காது.

வரைபடம் எங்கும் கிடைக்கவில்லையென்றால் நீங்களே எடுக்கலாம். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு யூ.எஸ்.பி. ஒலி இடைமுகப் பெட்டி, சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 100 ஓம் மின்தடை ஒன்று, இவை போதும். எனக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது. என் ஸ்பீக்கர் 90 ஹெர்ட்ஸ் அருகே 2.6 ஓமுக்கு இறங்கியிருந்ததைத் திரையில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. தவிலின் கனத்த அடி விழுவது அந்தப் பகுதியில்தான்.

எச்சரிக்கை: மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்துப் படிக்கும் ஓம், நேர்மின் தடை மட்டுமே. அதை இம்பீடன்ஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. எவ்வளவு சக்தி தேவை என்று காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

உணர்திறன் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு ‘87 டெசிபல்’ என்று போட்டிருந்தால், 1 வாட்டுக்கு 84 டெசிபல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கைக் காட்டுகிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 1 வாட்டுக்கு 84. நான் உட்காருவது 3 மீட்டர் தள்ளி, அதற்கு ஏறத்தாழ 9.5 போக 74.5. இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்டினால் 77.5. அறைச் சுவர்கள் திருப்பித் தருவது இரண்டு மூன்று டெசிபல். ஆக 1 வாட்டில் ஏறத்தாழ 80. நான் வழக்கமாகக் கேட்கும் அளவும் அதுதான். நல்ல பதிவில் தவிலின் உச்ச அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகலாம். 10 டெசிபலுக்கு 10 மடங்கு சக்தி என்றால், 20 டெசிபலுக்கு 100 மடங்கு. அதாவது 4 ஓமில் 100 வாட்.

100 வாட்டும் 4 ஓமும் என்றால் 20 வோல்ட். அதே 20 வோல்ட் 2.6 ஓம் பள்ளத்தில் விழும்போது 7.7 ஆம்பியர், அலையின் உச்சியில் 11 ஆம்பியர் வரை இழுக்கும். என் பழைய ரிசீவர் 8 ஓமில் 100 வாட் தருவது, அப்படியென்றால் அதனால் 28 வோல்ட் தர முடியும். வோல்ட்டேஜுக்குக் குறைவே இல்லை. அது தடுமாறியது மின்னோட்டத்தில். ‘150 வாட்’ ஆம்ப்ளிஃபையரும் அதே இடத்தில்தான் தோற்றது.

கணக்கில் வந்ததைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு என்பது காதுக்கு 3 டெசிபல்தான், ஆடம்பரம் இல்லை. சிறிய ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் திருகும்போதுதான் ட்வீட்டர்கள் (உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்கள்) எரிகின்றன. பெரிய ஆம்ப்ளிஃபையரை அளவாகத் திருகினால் ஸ்பீக்கருக்கு ஆபத்து குறைவு.

3. ஆம்ப்ளிஃபையரின் விவரத்தாளில் 4 ஓம், 2 ஓம் வரிகளைத் தேடுங்கள்

8 ஓம் எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். 4 ஓமில் எவ்வளவு என்று பாருங்கள். குறையே இல்லாத ஆம்ப்ளிஃபையர் என்றால் ஓம் பாதியாகும்போது வாட் இரட்டிப்பாக வேண்டும். நடைமுறையில் 1.7 மடங்குக்கு மேல் போனால் மின்வழங்கி வலுவானது என்று நம்பலாம். எடுத்துக்காட்டாக, நேட் சி298 ஆம்ப்ளிஃபையருக்கு நிறுவனம் தரும் எண்கள் 8 ஓமில் 185 வாட், 4 ஓமில் 340 வாட். 4 ஓம் எண்ணே போடாமல் ‘6 ஓமில்’ என்று மட்டும் போட்டிருந்தால், கேள்வி கேட்காமல் அந்தத் தாளை மூடிவிடுங்கள்.

2 ஓம் எண்ணைச் சிலர்தான் போடுவார்கள். அதுவும் பெரும்பாலும் ஒரு நொடியின் சிறு பகுதிக்கான உச்ச எண்ணாக இருக்கும். இசையின் உச்சங்களும் அப்படிக் குறுகியவையே என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ‘ஹை-ஃபை நியூஸ்’ ஆய்வக அறிக்கைகளில் 8, 4, 2, 1 ஓம் நான்கிலும் இந்த உச்ச சக்தியைத் தருகிறார்கள். எனக்கு மிகவும் உதவிய அட்டவணை அதுதான்.

இங்கே விழக்கூடிய குழிகள்:

‘1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதத் திரிபுடன், ஒரு சானல் மட்டும் ஓடும்போது’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த வாட் எண்ணை நம்பாதீர்கள். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானலும் ஒருசேர ஓடும்போது எவ்வளவு என்பதே உங்களுக்கு வேண்டும்.

சில ரிசீவர்களின் பின்னால் ‘8 ஓம் / 4 ஓம்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை 4க்குத் தள்ளினால் கூடுதல் வலு வராது. பெரும்பாலான மாடல்களில் அது உள்ளே வோல்ட்டேஜைக் குறைத்து, சூடாகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே.

இரண்டு சானலைச் சேர்த்து ‘பிரிட்ஜ்’ செய்தால் 500 வாட் என்று ஆசை காட்டுவார்கள். பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு பாதியும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் காணும். என் 2.6 ஓம், ஆம்ப்ளிஃபையருக்கு 1.3 ஓமாகத் தெரியும். கடினமான ஸ்பீக்கரில் இதைச் செய்யவே வேண்டாம்.

நான் தவறாமல் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபையர் நிறுவனத்துக்கே எழுதுங்கள்: ‘என் ஸ்பீக்கரின் குறைந்தபட்ச இம்பீடன்ஸ் இவ்வளவு, இத்தனை ஹெர்ட்ஸில். இதை ஓட்டினால் உத்தரவாதம் செல்லுமா?’ அறிவுறுத்தல் புத்தகத்தில் ‘4 ஓமுக்குக் குறையாமல்’ என்று இருந்து, உங்கள் ஸ்பீக்கர் அதற்குக் கீழே இறங்கினால், பழுது வரும்போது அதையே காரணம் காட்ட முடியும். எழுத்தில் வந்த பதில் ஒரு ஆவணம். எனக்கு மூன்று நிறுவனங்களில் இரண்டு, நான்கு வேலை நாளில் பதில் சொல்லின. பதிலே தராத மூன்றாவதை என் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

வால்வு ஆம்ப்ளிஃபையரின் குரல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் பெரும்பாலும் 1 ஓமுக்கு அருகிலோ அதற்கு மேலோ இருக்கும். 2.6 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஊசலாடும் ஸ்பீக்கரில் ஒலியின் சமநிலையே அந்தக் கோட்டைப் பின்பற்றி மாறிவிடும். கடினமான ஸ்பீக்கருக்கு அது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

கிளாஸ் ஏ, அதாவது பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்களில் நிறைய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் வகை, சென்னை வெயிலுக்குக் கஷ்டம். பாஸ் லேப்ஸ் எக்ஸ்.ஏ.25 சும்மா இருக்கும்போதும் ஏறத்தாழ 240 வாட் எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் ஒரு யூனிட், மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. இழுக்கும் மின்சாரம் தனி.

மிஞ்சுவது வழக்கமான கிளாஸ் ஏபி, டிரான்சிஸ்டர்களை அதிவேகமாகப் போட்டு அணைத்து ஓடும் கிளாஸ் டி. ஹைப்பெக்ஸ், பியூரிஃபை போன்ற நல்ல கிளாஸ் டி தொகுதிகளைக் கொண்டவை குளிர்ச்சியாக ஓடும், எடை குறைவு, மின்சாரமும் மிச்சம். இன்று புதிதாக வாங்குபவர் கிளாஸ் டி-யை முதலில் கேட்டுப் பார்க்கட்டும். நான் ஏபி வாங்கினேன், காரணம் பழையதாக நல்ல விலைக்குக் கிடைத்ததுதான்.

5. வீட்டு மின்சாரத்தைச் சரிபாருங்கள்

ஆம்ப்ளிஃபையர் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பெரிய ஆம்ப்ளிஃபையருக்குத் தனியாக ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். எர்த் முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்திங்கைப் பார்க்க வேண்டும். என் வீட்டில் 11 வோல்ட் இருந்தது. எர்த் குழியில் தண்ணீர் வற்றி, இணைப்புக் கம்பி துருப்பிடித்திருந்தது.

பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்சைப் போட்ட நொடியில் மின்சாரத்தை அள்ளிக்கொள்ளும். பி வகை எம்.சி.பி. (மின்னோட்டம் கூடினால் தானே அணையும் சுவிட்ச்) உடனே விழுந்துவிடலாம். அது பழுது இல்லை. அந்தப் பாதைக்கு அதே ஆம்பியரில் சி வகை எம்.சி.பி. பொருத்தலாமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தானாக ஆம்பியரைக் கூட்டிப் போடச் சொல்லாதீர்கள், சுவருக்குள் இருக்கும் ஒயர் தாங்காது. சதுர அலை இன்வெர்ட்டர் இணைப்பில் ஆம்ப்ளிஃபையரைச் சேர்க்க வேண்டாம். புதிய பாயின்ட், எம்.சி.பி., எர்த் வேலை எல்லாம் சேர்த்து எனக்கு 7,400 ரூபாயும் ஒரு நாளும் ஆனது.

6. உங்கள் வீட்டில், உங்கள் ஸ்பீக்கரில் கேளுங்கள்

கடையில் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு வார இறுதிக்கு வீட்டுக்குத் தரச் சொல்லுங்கள். இந்த விலைக்கு விற்கும் பெரும்பாலான விற்பனையாளர்கள், திருப்பித் தரக்கூடிய முன்பணம் வாங்கிக்கொண்டு சம்மதிக்கிறார்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். முன்பண ரசீதில் ‘முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்’ என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு ஆம்ப்ளிஃபையரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமுள்ளது எப்போதும் ‘நல்ல’தாகக் கேட்கும். காதால் சமப்படுத்த முடியாது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, முதலைக் கிளிப் உள்ள மல்டிமீட்டர் ஒயர்களை ஸ்பீக்கர் முனைகளில் மாட்டுங்கள். கிளிப்புகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், தொட்டால் ஆம்ப்ளிஃபையரே போய்விடும். பிறகு 200 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, 2.00 வோல்ட் வரும் இடத்தில் வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததிலும் 2.00 அல்லது 2.02 வரும்படி வையுங்கள். சாதாரண மல்டிமீட்டர் உயர் அலைவரிசையில் தவறாகக் காட்டும் என்பதால்தான் 200 ஹெர்ட்ஸ் சொல்கிறேன்.

எதைக் கேட்பது? உங்கள் ஆம்ப்ளிஃபையரை மடக்கிய அதே பதிவை. நான் அந்தத் தவில் தனியை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் சத்தத்தில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டினேன். பிறகு ஒரு பெண் குரலும் தம்புராவும் மட்டும் உள்ள பதிவு. திணறும் ஆம்ப்ளிஃபையர் எப்போதும் நின்றுபோகாது. சத்தம் கூடும்போது குரல் கடினமாகும், மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) கொழகொழக்கும், மேல்மூடி கை வைக்க முடியாமல் சுடும். ஒன்று தென்பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

7. பழையது வாங்கினால்

பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதால் நான் பழையதையே பரிந்துரைப்பேன், ஆனால் மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒருவர் வீட்டில், பளபளவென்று துடைத்து வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் காட்டினார். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு மூடியைக் கழற்றினோம். நான்கு பெரிய கெப்பாசிட்டர்களில் மூன்றின் தலை தட்டையாக இருந்தது. நான்காவதன் தலை, வெந்துகொண்டிருக்கும் பூரிபோல லேசாக உப்பியிருந்தது, அடியில் பழுப்பு நிறப் பிசுக்கு. அவருக்கே அது தெரியாது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் மூன்று சோதனைகள். ஸ்பீக்கர் இணைக்காமல், பாட்டு எதுவும் ஓடாமல், வெளியீட்டு முனையில் நேர்மின் வோல்ட்டேஜ் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 100 தாண்டினால் வேண்டாம். பின்புறத்தில் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். அதற்கு ஏற்ற பெரிய மாற்றுப் பெட்டி வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் அதில் போய்விடும். வரிசை எண்ணைக் குறித்து, பழுதுபார்ப்பு மையத்தில் உதிரி பாகம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

8. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

புதியது என்றால் மாடல் பெயர், வரிசை எண், கடையின் ஜி.எஸ்.டி. எண் மூன்றும் அச்சிட்ட பில். வரிசை எண் பெட்டியிலும் ஆம்ப்ளிஃபையரிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும், கடையை விட்டு நகரும் முன் பாருங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும். அது இந்தியாவில் செல்லும் உத்தரவாதமா என்பதும் அதில் இருக்க வேண்டும். சொன்ன விலை வரியோடு சேர்த்ததா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

பழையது என்றால் முதல் உரிமையாளரின் பில் நகல், பழுதுபார்த்த ரசீதுகள், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் சுங்க ரசீது. உத்தரவாதம் பல நிறுவனங்களில் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். வேறு ஊரிலிருந்து வருவதென்றால் மரச்சட்டம் அடித்து, காப்பீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள்.

9. செலவும் காலமும்

எனக்கு ஆனது: 8 ஓமில் 150, 4 ஓமில் 280 வாட் தரும், 2 ஓமைத் தாங்கும் பழைய ஆம்ப்ளிஃபையர் 1,65,000. மின்வேலை 7,400. மரச்சட்டம், லாரி, காப்பீடு 4,800. ஸ்பீக்கர் ஒயர் 1,900. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் ஸ்பீக்கர் வேறு, என் விடையை நகலெடுத்தால் மறுபடியும் அதே குழிதான்.

ஒயருக்கு இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டருக்குப் போய்வர 0.07 ஓம். 2.6 ஓமுக்கு முன் அது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. மனம் ஒப்பவில்லையென்றால் 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகட்டும்.

காலம்: வரைபடமும் கணக்கும் ஒரு வாரம், நிறுவனங்களின் பதில் ஒரு வாரம், வீட்டுச் சோதனை இரண்டு வார இறுதிகள். கடையில் இருப்பு இல்லாத மாடலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள், அந்த இடைவெளியில் மின்வேலையை முடித்துவிடலாம். மொத்தத் தொகையையும் முன்னதாகக் கட்டிவிடாதீர்கள்.

10. வந்து இறங்கிய நாள்

இருவர் சேர்ந்து தூக்குங்கள், என்னுடையது 27 கிலோ. மேலேயும் பக்கங்களிலும் பத்து சென்டிமீட்டராவது காற்றுக்கு இடம் விடுங்கள். எல்லா இணைப்பும் முடிந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். வால்யூமை அடியில் வைத்து, மற்றக் கருவிகளை முதலில் போட்டு, ஆம்ப்ளிஃபையரைக் கடைசியாகப் போட்டு, ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்ச்) ‘டக்’ என்று சேரும்வரை காத்திருங்கள். திருவான்மியூரில் கடல் காற்று எங்கள் வீட்டுப் பித்தளை முனைகளை ஆறு மாதத்தில் கறுக்கவைக்கிறது. கடலோரம் இருப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முனைகளைத் துடையுங்கள்.

அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த நுரை அச்சுகளையும் பரணில் ஏற்றிவையுங்கள். பழுதுக்கு அனுப்பும்போது முதலில் கேட்பது அதைத்தான்.